புகையை விட முனைவோர்க்குத் துணை நிற்போம்

ரமலான் மாதத்து மாலை நேரம். மஃரிபு பாங்கு ஒலிக்கின்றது. பேரீச்சம்பழத்தைக் கொண்டு நோன்பு திறந்து, கஞ்சி அருந்தி, ஜமாஅத்துடன் தொழுது முடிக்கின்றோம். இமாம் ஸலாம் கொடுத்ததுதான் தாமதம், சிலர் துஆவுக்கும் காத்திராமல் எழுந்து விடுகின்றனர். செருப்பை மாட்டியும் மாட்டாமலும் தெருமுனைத் தேநீர்க் கடைக்கு விரைகின்றனர். தீக்குச்சி உரசும் ஒலி கேட்கின்றது. ஏறத்தாழ 14 மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீரும் இன்றி இறைவனுக்காகப் பொறுத்திருந்த அந்த நல்லடியார், அந்தப் பொறுமையின் முடிவில் முதன்முதலாகத் தேடிச் செல்வது ஒரு பீடியை!

எங்கள் சித்தையன்கோட்டைக்கு மட்டும் உரிய காட்சியன்று இது. செம்பட்டியிலும் திண்டுக்கல்லிலும், தமிழகத்தில் முஸ்லிம்கள் வாழும் எந்த ஊரிலும் இதனைக் காணலாம். இதனைச் சுட்டிக்காட்டி, "பகலெல்லாம் விட முடிந்த உன்னால் இரவிலும் விட முடியாதா?" என்று உலமாக்களாகிய நாங்கள் மிம்பரில் நின்று கேட்பதும் வழக்கம். கேள்வி நியாயமானதே. ஆனால் கேள்வி கேட்பதோடு எங்கள் கடமை முடிந்து விடுகின்றதா? இதுபற்றி என் சொந்த வாழ்வில் நேர்ந்த ஒன்றை, வெட்கத்துடன்தான் என்றாலும், வாசகர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

என் கதை

நான் மதரஸாவில் ஓதிய காலத்தில், 19 வயதில், பீடி பிடிக்கப் பழகியவன். 22 ஆண்டுகள் அப்பழக்கம் என்னை விட்டு நீங்கவில்லை. ஆலிம் பட்டம் பெற்றேன். ஜும்ஆ பயான் செய்தேன். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தேன். ஏலக்காய் மென்று வாயின் வாடையை மறைத்துக் கொண்டு பள்ளிக்குள் நுழைவேன். அந்த 22 ஆண்டுகளில் புகையைப் பற்றி மிம்பரில் ஒரு சொல் பேசியவனல்லன். சட்டைப்பையில் பீடிக்கட்டை வைத்துக் கொண்டு எப்படிப் பேசுவது?

மூன்று முறை விட்டேன். மூன்று முறையும் தோற்றேன். இரண்டாம் முறை பன்னிரண்டு நாட்கள் தாக்குப் பிடித்து, பதின்மூன்றாம் நாள் தேநீர்க் கடையில் மீண்டும் ஒன்றைப் பற்ற வைத்தபோது, அங்கிருந்த ஒருவர் உரக்கச் சிரித்து, "ஹஜ்ரத்துடைய தவ்பா பன்னிரண்டு நாள் தவ்பா!" என்றார். அனைவரும் சிரித்தனர்; நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு வழக்கத்தைப் போல் இரு மடங்கு பீடி பிடித்தேன். மீண்டும் முயல எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. இறுதியாக 2013-ஆம் ஆண்டு ரமலானில் விட்டேன். அல்ஹம்துலில்லாஹ், இன்றுவரை தொடவில்லை.

வெட்கத்திற்குரிய செய்தி இனிமேல்தான் வருகின்றது. விட்டு விட்டேன் என்ற துணிவில் மிம்பரில் கடுமையாகப் பேசத் தொடங்கினேன். என்னைப் போலவே விட முயன்று, இரண்டு மாதத்தில் மீண்டும் தொடங்கிவிட்ட சகோதரர் ஒருவர் எங்கள் ஜமாஅத்தில் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, பெயர் சொல்லாமல், ஆனால் கேட்டவர் எல்லோரும் இன்னார் என்று அறியும் வண்ணம், அவரைக் குறித்து ஒரு நகைச்சுவையை உதிர்த்தேன். பள்ளியே புன்னகைத்தது. அடுத்த வெள்ளியன்று முதல் ஸஃப்பில் அவரைக் காணவில்லை. கடைசி ஸஃப்பில் அமர்ந்திருந்தார். சில வாரங்களில் அங்கும் காணவில்லை.

புகையை விடும்படி சொல்லப் போய், ஒரு மனிதரைத் தொழுகையின் வரிசையிலிருந்து விரட்டியவனானேன். தேநீர்க் கடையில் என்னைக் கேலி செய்தவருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அவர் கடையில் அமர்ந்து செய்ததை நான் மிம்பரில் நின்று செய்தேன், அவ்வளவே.

மார்க்கத்தின் நிலை

புகையைப் பற்றி மார்க்கச் சட்டம் யாது கூறுகின்றது என்பதில் இன்று பெரிய மயக்கம் இல்லை. புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. அக்பர் பாதுஷாவின் இறுதிக் காலத்தில்தான் அது முகலாய அரசவையை எட்டியது. 1617-இல் ஜஹாங்கீர் அதனைத் தடை செய்தார். ஆகவே முற்காலத்து ஃபிக்ஹு நூல்களில் அதற்கு நேரான சட்டம் இல்லை. பிற்காலத்து உலமாக்களில் ஆகும் என்றவரும் இருந்தனர். மக்ரூஹ் என்றவரும், ஹராம் என்றவரும் இருந்தனர். அதன் தீங்கு மருத்துவத்தால் ஐயமற நிறுவப்பட்ட பின்னர், ஹராம் என்னும் கருத்தே வலுப்பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கிழக்கு மத்தியதரைக் கடல் பிராந்திய அலுவலகம் 1988-இல் எகிப்து நாட்டு உலமாக்களின் தீர்ப்புகளைத் தொகுத்துத் தனி நூலாகவே வெளியிட்டது. தன் கையாலேயே தன்னை அழிவில் போட்டுக் கொள்ளலாகாது என்பதும், வீண் விரயம் செய்வோர் ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்பதும் திருமறையின் போதனைகள். தனக்கும் தீங்கு கூடாது, பிறர்க்கும் தீங்கிழைக்கக் கூடாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்தளித்த பொது விதி. பச்சை வெங்காயமும் பூண்டும் தின்ற வாயோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று அண்ணலார் தடுத்திருக்க, பீடி நாற்றத்தைப் பற்றித் தனியே சொல்லவும் வேண்டுமோ?

ஆக, விட வேண்டும் என்பதில் தர்க்கம் இல்லை. பீடி பிடிப்பவர்களில் பெரும்பாலோர்க்கும் இது தெரியும். ஒரு ஜும்ஆவுக்குப் பின் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், விட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். எப்படி விடுவது என்பதைச் சொல்லுங்கள்" என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று என்னிடம் ஆயத்தமான பதில் இருக்கவில்லை. விட்டவனாகிய நானே, என்னை விடச் செய்தது எது என்று அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை!

பாதி ஆறு நீந்துபவர்

விடுவது ஏன் கடினமாக இருக்கின்றது? புகையிலையில் உள்ள நிக்கோட்டின் என்னும் பொருள், புகையை உள்ளிழுத்த சில வினாடிகளில் மூளையைச் சென்றடைகின்றது. நாளடைவில் மூளை அதற்கு அடிமைப்பட்டு, அது கிடைக்காதபோது சினமும் பதற்றமும் தலைவலியும் தூக்கக் கேடும் உண்டாகின்றன. சிலருக்கு மலச்சிக்கல் ஏற்படும். சிலருக்கு இருமல் சில நாட்கள் மிகுதியாகவே தோன்றும். இத்தொல்லைகள் முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை அடைந்து, பின்னர் இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணிகின்றன. இடையிடையே எழும் தாங்கொணா வேட்கையோ, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும்.

நோன்பாளியின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புகைப்பதை நிறுத்திய 12 மணி நேரத்தில் இரத்தத்தில் கலந்திருந்த நச்சுவாயுவாகிய கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு இறங்கி விடுகின்றது என்று மருத்துவர் கூறுகின்றனர். அப்படியாயின், மஃரிபு நேரத்தில் நோன்பாளியின் இரத்தம் அந்த நஞ்சினின்றும் தூய்மையடைந்திருக்கின்றது. தூய்மையடைந்த அந்த நேரத்தில்தான் அவர் மீண்டும் அதனை நிரப்பிக் கொள்கின்றார்!

அதனால் விளைவது யாது? விடுவதில் உள்ள துன்பத்தை அவர் முப்பது நாட்களும் அனுபவிக்கின்றார். ஆனால் அத்துன்பம் தணியத் தொடங்கும் நான்காம் நாளை ஒருபோதும் எட்டுவதில்லை. ஆற்றின் நடுப்பகுதி வரை நீந்திச் சென்று, நாள்தோறும் பழைய கரைக்கே திரும்பி வருபவரை ஒத்திருக்கின்றார். அவருக்கு வலிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முப்பது முறை பாதி ஆறு நீந்தியவர், ஒரே முறை முழு ஆற்றையும் கடந்திருக்கக் கூடியவரன்றோ? அவருக்குத் தேவை ஏச்சன்று. அந்த முதல் மூன்று இரவுகளைக் கடப்பதற்கு ஒரு துணை.

அச்சமும் துணையும்

வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. உதுமானியப் பேரரசின் சுல்தான் நான்காம் முராத் 1633-இல் புகையிலையைத் தடை செய்து, மீறுவோருக்கு மரண தண்டனை விதித்தார். தலை உருண்டது, புகை நிற்கவில்லை. தண்டனை நிறைவேற்றப்படும் இடத்திலேயே சில படைவீரர்கள் சட்டைக் கைகளுக்குள் புகைக்குழாயை மறைத்து வைத்திருந்ததாக அக்காலத்து அறிஞர் காத்திப் செலெபி குறிப்பிடுகின்றார்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஈரானில் நடந்தது. 1890-இல் நாட்டின் புகையிலை வணிகம் முழுவதையும் ஓர் ஆங்கிலேயரிடம் ஷா மன்னர் ஒப்படைத்தார். அதனை எதிர்த்து, 1891 டிசம்பரில் மிர்ஸா ஹசன் ஷீராஸி அவர்களின் பெயரால் புகையிலை கூடாது என்று ஃபத்வா வெளியாயிற்று. கடைகள் அடைக்கப்பட்டன, ஹுக்காக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டன, அரண்மனைப் பெண்களும் பணியாட்களும் கூடப் புகைப்பதை நிறுத்தினர். மறு மாதமே மன்னர் ஒப்பந்தத்தைக் கைவிட நேர்ந்தது. ஃபத்வா நீக்கப்பட்டதும் மக்கள் மீண்டும் புகைக்கத் தொடங்கினர் என்பதும் உண்மையே. நாம் இங்கு நோக்க வேண்டியது வேறு. வாளின் அச்சத்தால் விட முடியாததை, எல்லோரும் சேர்ந்து நின்றபோது மக்களால் விட முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரனும் விட்டான், கடைக்காரனும் விட்டான், நண்பனும் விட்டான். கூட்டம் கலைந்தபோது பழக்கமும் திரும்பி விட்டது.

மதீனாவில் மது விலக்கப்பட்ட வரலாறும் நமக்குப் பாடமாகும். தடை வந்த அன்றே மதீனாவின் தெருக்களில் மது ஊற்றப்பட்டு ஓடியது என்று பெருமையுடன் கூறுகின்றோம். ஆனால் அந்த நாளுக்கு முன், மதுவின் தீமை நன்மையை விடப் பெரியது என்று ஒரு வசனமும், போதையுடன் தொழுகையை நெருங்கக் கூடாது என்று மற்றொரு வசனமும் இறங்கி, உள்ளங்கள் பக்குவப்படுத்தப்பட்டிருந்தன என்பதை மறந்து விடுகின்றோம். அன்று ஒரே நாளில் எல்லோரும் ஊற்றினர். அடுத்த வீட்டில் கிண்ணம் ஏந்தியிருப்பவர் எவருமில்லை.

தவறி விழுந்தவரிடம் எப்படி நடப்பது?

அதற்குப் பின்னரும் தவறி விழுந்தவர் இருந்தனர். மது அருந்தியதற்காகப் பன்முறை தண்டிக்கப்பட்ட ஒருவர் மீண்டும் கொண்டு வரப்பட்டபோது, கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். சபிக்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கின்றவர் என்று சான்றும் அளித்தார்கள். உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்து விடாதீர்கள் என்ற கருத்தில் அவர்கள் அறிவுறுத்தியதும் ஸஹீஹுல் புகாரியில் இடம் பெற்றுள்ளது.

என் நெஞ்சைத் தைத்த சொல் இதுவே. தண்டனைக்குரிய குற்றம் செய்தவரையே இழித்துரைக்கலாகாது என்றால், விட வேண்டும் என்று விரும்பி, முயன்று, தவறி விழுந்தவரை மிம்பரிலிருந்து எள்ளி நகையாடிய நான் யாருக்கு உதவி செய்தேன்?

"இவ்வாறு இளகிப் பேசினால் பாவத்தின் கனம் குறைந்து விடாதா?" என்று சில பெரியவர்கள் என்னைக் கேட்டதுண்டு. குறையாது என்பதே என் பதில். ஹராமை ஹராம் என்றே சொல்வோம். அதனைச் சொல்வது சட்டத்தைப் பற்றியது. கேலி செய்வது மனிதனைப் பற்றியது. நோயின் பெயரை மறைக்காத மருத்துவர், நோயாளியைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

கடக்க உதவும் வழிகள்

அந்த இளைஞருக்கு அன்று சொல்ல இயலாத பதிலை இன்று சொல்கின்றேன். இவை என் அனுபவத்தில் பயன்பட்டவை. மருத்துவர்களிடம் கேட்டறிந்தவையும் இவற்றுள் உண்டு.

முதலாவதாக, நிய்யத்தைத் தனியே வைத்துக் கொள்ளாதீர்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரிடமாவது சொல்லுங்கள். நான் முதல் மூன்று முறையும் யாரிடமும் சொல்லாமல் விட்டேன். தோற்றால் அறிந்து கொள்ள ஒருவரும் இல்லை என்ற ஏற்பாடு அது. நான்காம் முறை என் மனைவியிடமும் மூத்த மகளிடமும் சொன்னேன். "அத்தா, இன்றைக்கு எத்தனையாவது நாள்?" என்று அவள் காலைதோறும் கேட்பாள். அந்தக் கேள்வி எனக்கு வேலியாக நின்றது.

இரண்டாவதாக, இடத்தை மாற்றுங்கள். நூறு கொலைகள் செய்து பின் மனம் திருந்திய ஒருவரிடம், அவருடைய ஊரை விட்டு நல்லோர் வாழும் ஊருக்குச் செல்லும்படி ஓர் அறிஞர் கூறிய வரலாற்றை ஹதீஸில் காண்கின்றோம். தவ்பாவோடு இடமாற்றமும் சேர்த்தே கூறப்பட்டது! நாம் ஊரை விட வேண்டியதில்லை. தேநீர்க் கடையின் அந்த ஒரு பெஞ்சை ஒரு மாத காலம் விட்டால் போதும். நான் மஃரிபுக்குப் பின் பள்ளியிலேயே அமர்ந்து குர்ஆன் ஓதினேன்; தேநீரை வீட்டிலேயே அருந்தினேன். ஃபஜ்ருக்குப் பின் வயல் வரப்புகளில் நடந்தேன்.

மூன்றாவதாக, வேட்கை எழும் அந்தச் சில நிமிடங்களை மட்டும் எண்ணுங்கள். "வாழ்நாள் முழுவதும் எப்படி இருப்பேன்?" என்று மலைப்பவர் உடனே தோற்பார். எழுந்து ஒளூச் செய்யுங்கள்; மிஸ்வாக் செய்யுங்கள்; இரண்டு ரக்அத் தொழுங்கள். முடிப்பதற்குள் அலை பெரும்பாலும் கடந்திருக்கும். பொறுமையை மேற்கொள்ள முயல்பவருக்கு அல்லாஹ் பொறுமையை அளிக்கின்றான் என்பது நபிமொழியின் கருத்து. பொறுமை உடையவருக்கு என்றன்று; முயல்பவருக்கு என்றே வந்துள்ளது.

நான்காவதாக, மருந்தை நாடுவதில் வெட்கம் வேண்டாம். நிக்கோட்டினைச் சிறிய அளவில் தந்து வேட்கையைத் தணிக்கும் மெல்லும் மாத்திரைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. மருத்துவரைக் கலந்து கொண்டு பயன்படுத்தலாம். நோன்பு நாட்களில் அவற்றை இரவில் மட்டுமே மெல்ல வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. புகையிலையை விட விரும்புவோருக்கு இலவச ஆலோசனை வழங்கும் அரசின் தொலைபேசி எண் 1800-11-2356 ஆகும். 2018 முதல் சிகரெட் உறைகளிலேயே அது அச்சிடப்பட்டு வருகின்றது. பற்ற வைப்பதற்காகக் கையில் எடுக்கும் உறையிலேயே விடுவதற்கான வழியும் இருக்கின்றது!

ஐந்தாவதாக, பெருநாளை அஞ்சுங்கள். ரமலான் முழுவதும் விட்டிருந்தவர், பெருநாள் மகிழ்ச்சியில் நண்பர் நீட்டும் "ஒன்றே ஒன்று" என்பதில் விழுந்து விடுகின்றார். விழுந்தாலும் நம்பிக்கை இழக்காதீர்கள். பன்னிரண்டு நாள் விட்டிருந்தது வீணாகவில்லை. பதின்மூன்றாம் நாள் எங்கே தவறினோம் என்பதை அது கற்றுத் தந்தது.

வீட்டாரும் ஜமாஅத்தும்

2016-17-ஆம் ஆண்டுகளில் அரசு எடுத்த கணக்கின்படி, தமிழகத்தில் வயது வந்தோரில் ஐவரில் ஒருவர் புகையிலையை ஏதோ ஒரு வடிவில் பயன்படுத்துகின்றார். நம் மாவட்டத்திற்கோ புகையிலை அயலூர்ச் சரக்கன்று. திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்தும் பெயர் பெற்றிருந்தது. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமே 1948 முதல் இருந்து வருகின்றது. ஆகவே இஃது எங்கோ இருக்கும் யாரோ ஒருவரின் குறை என்று ஒதுக்க இயலாது.

வீட்டிலுள்ள தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். விட்ட முதல் வாரத்தில் அவர் எரிந்து விழுவார், சோற்றில் குறை காண்பார், பிள்ளைகளை அதட்டுவார். அதற்காக அவரை நியாயப்படுத்தவில்லை. நோய் வெளியேறும் நேரத்துக் காய்ச்சலாக அதனைக் கருதி, ஒரு வாரம் பொறுத்தருளுங்கள். "இதற்கு நீங்கள் பீடியே பிடித்துத் தொலைக்கலாம்" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லி விடாதீர்கள். தந்தைமார்களே, பீடி வாங்கி வரும்படி பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது சட்டப்படி குற்றம். அதனினும் பெரிது, நாளை அப்பிள்ளையின் கையில் தீக்குச்சியைக் கொடுப்பதற்கு ஒப்பான செயல் அது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒன்று கூறுவேன். ரமலானில் கஞ்சிக்கும் தராவீஹுக்கும் எவ்வளவோ ஏற்பாடுகள் செய்கின்றோம். விட விரும்புவோர் ஐந்து பேர், பத்துப் பேர் தராவீஹுக்குப் பின் கால் மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக் கொள்ள ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள். அவ்வளவு போதும். ஒருவர் தவறினால், மறுநாளும் அவருக்கு அங்கே இடம் இருக்க வேண்டும்.

நான் விரட்டிய அந்தச் சகோதரரின் வீட்டுக்கு ஒரு நாள் சென்றேன். முற்றத்தில் நின்றே மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "உட்காருங்கள் ஹஜ்ரத்" என்றார். அந்த ரமலானில் நாங்கள் இருவரும் மஃரிபுக்குப் பின் பள்ளியிலேயே சேர்ந்து அமர்ந்தோம். அவர் முழு வெற்றி பெற்று விட்டார் என்று எழுதி இக்கட்டுரையை அழகுபடுத்த மாட்டேன். எட்டு நாள் விட்டார். ஒரு பீடி பிடித்தார். பின் நாற்பது நாள் விட்டார், மீண்டும் ஒன்று. இப்பொழுது மறுபடியும் விட்டிருக்கின்றார். ஆனால் ஒவ்வொரு முறையும் அதனை என்னிடம் வந்து சொல்கின்றார். சொல்லிவிட்டு முதல் ஸஃப்பிலேயே நிற்கின்றார். அவர் தொழுகையில் என் அருகில் நிற்பதை விடப் பெரிய வெற்றியை நான் வேண்டவில்லை. எஞ்சியதை அல்லாஹ் முடித்து வைப்பான்.

தீய பழக்கத்தை விட்டொழிக்கும் உறுதியை முயல்வோருக்கும், தவறியவரைத் தாங்கிப் பிடிக்கும் கனிவை நம் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.